லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்: பெங்களூரில் 3 லட்சத்துக்கு எதை எடுப்பது?

கையில் 3 லட்சம் இருக்கிறது. தினமும் அல்சூரிலிருந்து வேலைக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதே காரில் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக ஊருக்கும் போக வேண்டும். இந்தத் தொகையோடு தேடத் தொடங்கினால் இரண்டு விதமான வண்டிகள் வந்து நிற்கும். ஒன்று 2016 மாடல், மீட்டரில் 1,20,000. இன்னொன்று 2011 மாடல், வெறும் 55,000. விலை ஏறக்குறைய ஒன்றே. வீட்டில் எல்லோரும் இரண்டாவதைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் முதல் வண்டிதான் எடுக்க வேண்டிய வண்டி.

காரணம் பெங்களூர் டிராஃபிக். மீட்டர் தூரத்தை மட்டுமே எண்ணுகிறது. சில்க் போர்டிலோ டின் ஃபேக்டரியிலோ முக்கால் மணி நேரம் நின்று நகர்ந்தாலும் மீட்டரில் ஏறுவது நாலைந்து கிலோமீட்டர்தான். எஞ்சினோ அந்த முக்கால் மணி நேரமும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஊருக்குள் சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தால், 55,000 கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே ஓட்டிய வண்டியின் எஞ்சின் 3,050 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. 1,20,000 ஓடிய வண்டியில் 30,000 ஊருக்குள், மீதி 90,000 நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் என்று கொள்ளுங்கள். ஊருக்குள் 1,670 மணி, ரோட்டில் 1,500 மணி. மொத்தம் 3,170 மணி. எஞ்சின் உழைப்பில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கிளட்ச் மிதித்த கணக்கைப் பார்த்தால், குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டிதான் இருமடங்கு தேய்ந்திருக்கிறது.

எந்தப் பாகம் எதனால் கெடுகிறது என்று பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், டைமிங் செயின், டீசலில் இன்ஜெக்டர் ஆகியவை ஓடிய தூரத்தால் தேய்கின்றன. கிளட்ச், எஞ்சின் மவுண்ட், ரேடியேட்டர் ஃபேன் மோட்டார், ஏசி கம்ப்ரெஸர், பேட்டரி ஆகியவற்றைத் தின்பது நின்று நின்று போகும் டிராஃபிக். கூலன்ட் ஹோஸ், ஆயில் சீல், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி, வயரிங், கதவு ரப்பர் எல்லாம் வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் வயதாகிக் காய்ந்து வெடிக்கும். தூரத்தால் தேய்ந்ததை ஒரே வாரத்தில் மாற்றி முடித்துவிடலாம். வயதால் காய்ந்தது ஒவ்வொன்றாக, மாதம் ஒன்றாக, பெரும்பாலும் பாதி வழியில்தான் கைவிடும்.

2011 வண்டிக்கு ஆர்.சி. சிக்கலும் உண்டு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2011இல் பதிவானதற்கு 2026இல் கெடு முடிகிறது. பிறகு ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டித் தகுதிச் சோதனையில் தேறினால்தான் அடுத்த 5 ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். அதற்கான கட்டணமே 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. சோதனைக்கு முன் டிங்கரிங், பெயின்ட், லைட், டயர் என்று ஆகும் செலவு தனி. அந்த வண்டியை இன்னும் 3 ஆண்டு கழித்து நீங்கள் விற்கப்போகும்போது வாங்க ஆள் வருவது அரிது.

பழையதும் குறைவாக ஓடியதுமான வண்டியை எடுக்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. 2014க்குப் பிந்தையதாக இருந்து, ஒரே உரிமையாளர் கையில், கம்பெனி சர்வீஸ் பதிவு ஆண்டு தவறாமல் இருந்தால் எடுக்கலாம். குறைவாக ஓடிய வண்டிக்கு ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டர் கணக்கில் பார்த்து இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவார்கள். அதனால்தான் பதிவில் தேதிகளைப் பார்க்கச் சொல்கிறோம்.

டீசலா, பெட்ரோலா

இதே பணத்துக்கு மூன்றாவதாக வருவது 1,50,000 தாண்டிய டீசல். எரிபொருள் மிச்சம் என்று சொல்லித்தான் விற்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 103, டீசல் 91 என்றும், ஊருக்குள் பெட்ரோல் வண்டி 14, டீசல் வண்டி 18 கிலோமீட்டர் தரும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு சுமார் 5,900, டீசலுக்கு சுமார் 4,050. ஆண்டுக்கு மிச்சம் 22,000. நான்கு இன்ஜெக்டரில் இரண்டு போனாலே அந்த மிச்சம் முழுதும் கரைந்துவிடும். டர்போ போனால் அதற்கு மேலும் ஆகும். மாதம் 1,800 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத்தான் மிச்சம் ஆண்டுக்கு 50,000 ரூபாயை நெருங்குகிறது. அவருக்கு டீசல் சரி. ஓசூரில் வீடு, வேலை பெங்களூரில் என்று தினமும் போய்வருபவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள்.

குட்டித் தூரம் ஓட்டுபவருக்கு டீசல் ஒத்துவராது என்பதற்கு எரிபொருள் கணக்கைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறாமலே அணைத்தால் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படியும். வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும். பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த டீசலில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக, நிற்காமல் கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். மாரத்தஹள்ளியில் அதற்கு வழி ஏது?

எஞ்சினைப் பொறுத்தவரை, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது டைமிங் செயினா, பெல்ட்டா என்பதை முதலில் கேளுங்கள். மாருதியின் கே வரிசை பெட்ரோல், ஹோண்டாவின் 1.2, 1.5 ஐவிடெக், ஹூண்டாய் 1.2 காப்பா, டொயோட்டா எட்டியோஸ் எல்லாம் செயின். மாருதி ஸ்விஃப்ட், டிசையரில் 2020 வரை வந்த 1.3 டீசலும் செயின்தான். அது ஃபியட் எஞ்சின், டாடாவும் அதையே போட்டது. அதனால் வேலை தெரிந்த மெக்கானிக்கும் பாகமும் எங்கும் கிடைக்கும். ஹூண்டாய் ஐ10 1.1, ரெனோவின் 1.5 டீசல், ஃபோர்டு 1.5 டீசல், ஃபோக்ஸ்வாகன் 1.5 டீசல், பழைய இன்னோவா 2.5 ஆகியவற்றில் ஓடுவது பெல்ட். செயின் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடி கரகரவென்று சத்தம் கேட்டு எச்சரிக்கும். பெல்ட் எச்சரிக்காது. ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து, எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் அளவுக்குக் கொண்டுபோய்விடும். பெல்ட் மாற்றியதற்கான பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் சேர்த்து 10,000 முதல் 15,000 வரை விலையில் குறையுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இந்தப் பட்ஜெட்டில் மிகவும் யோசிக்க வேண்டும். இரட்டைக் கிளட்ச் உள்ள 7 ஸ்பீடு உலர் கியர்பாக்ஸ் நம் டிராஃபிக்கில் சூடேறித் தவிக்கும்; பழுதானால் வண்டி விலையில் பெரும்பகுதியையே கேட்கும். லட்சம் தாண்டியதில் அதைத் தொடவே வேண்டாம். ஃபோர்டு, செவ்ரோலே வண்டிகள் மலிவாக வரும். செவ்ரோலே 2017இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு உற்பத்தியை முடித்துக்கொள்வதாக 2021இல் அறிவித்தது. ஓட்டத்தில் ஃபோர்டு அருமையான வண்டி. ஆனால் வீட்டில் அது ஒன்றுதான் கார் என்றால், ஒரு பாகத்துக்காக இரண்டு வாரம் காத்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

டாக்ஸியாக ஓடியது, வெளி மாநிலத்திலிருந்து வந்தது

விலை திடீரென்று 50,000 குறைவாக இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றிய எட்டியோஸ், டிசையர், எக்ஸென்ட் நிறைய உலவுகின்றன. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியதை 1,10,000 என்று காட்டுவதும் நடக்கிறது. ஆர்.சி. விவரத்தில் வண்டி முன்பு வாடகை வகையில் இருந்ததா என்று பாருங்கள். பிறகு பின் சீட்டில் உட்காருங்கள். வீட்டு வண்டியில் டிரைவர் சீட்தான் முதலில் தொய்யும். டாக்ஸியில் பின் சீட்டும் பின்கதவுக் கைப்பிடியும் அதே அளவு தேய்ந்திருக்கும். கூரையில் கேரியர் போட்ட தழும்பும், கதவு விளிம்பில் ஸ்டிக்கர் உரித்த கோடும் மறையாது.

தமிழ்நாட்டுப் பதிவு வண்டி ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மலிவாகக் கிடைக்கிறது என்று நம் ஆட்கள் பலர் போய் எடுக்கிறார்கள். வண்டியில் குறை இருக்காது, செலவு வரியில் வரும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அப்போது இங்கே லைஃப் டேக்ஸ் கட்ட வேண்டும். கர்நாடக வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. வண்டியின் ஆரம்ப விலையை வைத்து, வயதுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிடுவார்கள். பழைய மாநிலத்தில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க 28ஆம் எண் படிவம். இந்த அலைச்சலோடு வரித் தொகையையும் விலையில் கூட்டிப் பார்த்தால், 2016 மாடலில் மிச்சம் என்று நினைத்தது பெரும்பாலும் காணாமல் போகும். டெல்லிப் பதிவு டீசலும் இப்படித்தான். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கு நீதிமன்றக் கட்டுப்பாடு வந்ததால் மலிவாக வெளியேறி வந்தவை அவை. வரி போக, டெல்லிக் குளிரும் புகையும் பட்ட வண்டி அது.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள். வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரோ, துரு நிறமோ, மேலே எண்ணெய்ப் படலமோ இருந்தால் ஆபத்து. பெங்களூரின் குளிரில் பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சமாளித்து ஓடும். அதே வண்டி மே மாதம் ஆம்பூர், வாணியம்பாடி வெயிலில் ஏசியோடு போகும்போதுதான் முள் சிவப்பைத் தொடும். ஹெட் கேஸ்கெட் போவது அங்கேதான். அதனால் இங்கே வாங்குபவர்கள் கூலிங் சிஸ்டத்தை மற்ற ஊர்க்காரர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். வண்டியை நிறுத்தி, ஏசி போட்டு, எஞ்சினை மட்டும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேன் தானாக ஓடி நிற்க வேண்டும், முள் பாதியைத் தாண்டக் கூடாது, ஏசிக் குளிர்ச்சியும் குறையக் கூடாது.

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் சைலன்ஸருக்குப் பின்னால் நிற்கட்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. பிறகு ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயின் மேல் தளர்வாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. குபுகுபுவென்று புகை வந்து மூடியைத் தள்ளினால் ரிங் போய்விட்டது. அந்த வண்டியில் பேரம் பேசவே வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பத்துக் கிலோமீட்டராவது வேண்டும், அதில் ஒரு மேம்பாலம் இருக்க வேண்டும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. வெளி கேரேஜில் சின்னப் பெட்ரோல் வண்டிக்கு 7,000 முதல் 9,000 வரை. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடிக்கும்போது டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. 50க்கு மேல் ஹும்மென்று இரைந்து, வளைவில் அந்த இரைச்சல் மாறினால் வீல் பேரிங். வேகத்தடையில் லொடலொட என்றால் லோயர் ஆர்ம், லிங்க் ராட். இவை எல்லாம் விலை குறைக்கும் காரணங்கள். வண்டியைக் கைவிடும் காரணங்கள் அல்ல. பிரேக்கை மட்டும் தனியாகக் கவனியுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நான்கு பேரும் சாமானும் ஏற்றி இறங்கப்போகிற வண்டி இது. 60இல் அழுத்திப் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்காமல், ஒரு பக்கம் இழுக்காமல் நிற்க வேண்டும். பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது.

மீட்டரைத் திருப்பியதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. வண்டி எண்ணைச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளை எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் உடன் வந்தால் சுலபம். 80,000 என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழுதை மறைத்ததைக் கண்டுபிடிக்க, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி ஃபோனில் பார்க்கலாம். அதில் பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு வரி வரும். அது 20, 30 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காகவே எஞ்சின் லைட்டை அணைத்திருக்கலாம்.

பெங்களூருக்கே உரிய இன்னொரு சோதனை வெள்ளம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் அடித்தளப் பார்க்கிங்கில் முங்கிய கார்கள் ஏராளம். அவை சுத்தமாகி மீண்டும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுதும் இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட், ஸ்டெப்னிக் குழி, கார்ப்பெட்டின் அடி மூன்றிலும் துருவைத் தேடுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியும் பேசும். அதில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் என்றிருந்தால் ஐந்தாண்டுகளாகக் கிளைமே இல்லை என்று பொருள். 2016 வண்டியின் பாலிசியில் 0 என்றிருந்தால் என்ன அடிபட்டது என்று கேளுங்கள். அந்தப் போனஸ் விற்பவரோடு போய்விடும், உங்களுக்கு வராது என்பதையும் பட்ஜெட்டில் வையுங்கள்.

இத்தனையும் தேறிய வண்டியை மட்டும் மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம்.

பணத்தைப் பிரிப்பது

3 லட்சத்துக்கும் வண்டி எடுத்துவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. வண்டிக்கு 2,40,000க்கு மேல் போகாதீர்கள். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸுக்கு 15,000. மீதி 45,000 முதல் மாதத்துக்கு. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக் எல்லாம் சேர்த்து 9,000 வரை. டயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டினால் மாற்றுங்கள், நாலுக்கும் 16,000 முதல் 18,000. பேட்டரி 5,000. சஸ்பென்ஷன் வேலை 10,000. ஜே.சி. ரோட்டில் பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் மிஞ்சும். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டதை மட்டும் கம்பெனிப் பெட்டியில் வாங்குங்கள். சிவாஜி நகர் குஜிரியில், அதாவது பழைய பாகச் சந்தையில், கதவுக் கண்ணாடியும் ஹெட்லைட்டும் எடுக்கலாம், பிரேக் பாகம் எடுக்க வேண்டாம்.

ஆக, மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர் 2015 முதல் 2017 வரையிலான, செயின் உள்ள 1.2 பெட்ரோல், கர்நாடகப் பதிவு, ஒரு அல்லது இரண்டு உரிமையாளர், 1,00,000 முதல் 1,30,000 வரை ஓடியது என்று தேடலாம். சர்வீஸ் பதிவு முழுதாக இருந்தால் 1,40,000க்கும் பயப்பட வேண்டியதில்லை. பதிவே இல்லாத 60,000த்தைவிட அது மேல். மாதம் 1,500க்கு மேல் என்றால் 1.3 டீசலோ எட்டியோஸ் டீசலோ, அதுவும் டாக்ஸியாக ஓடாதது.

பணம் கொடுக்கும் முன் அரசின் வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் அடைமானம் நீங்கியிருக்கிறதா, எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அடைமானம் இருந்தால் வங்கியின் கடிதமும் 35ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுத்தொகையும் தர வேண்டாம். பெங்களூர் போலீஸ் கேமராவில் சிக்கிய அபராதங்களையும் தேடுங்கள். சில வண்டிகளில் அது பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும், அதை விற்பவரே கட்ட வேண்டும். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கிய அன்றே ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த நேரத்துக்கு முன்னால் வண்டி செய்தது விற்றவர் பொறுப்பு, பின்னால் உங்கள் பொறுப்பு என்பதற்கு அது சாட்சி. இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் கெடு. இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். இம்மொபிலைஸர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள வண்டிக்குப் புதிதாகச் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகும்.